பாரிஸ் மியூசியம் பாஸ்: வாங்கலாமா, தனித்தனி டிக்கெட்டே போதுமா?

நாத்தனார் குடும்பம் 2026 மே மாதத் தொடக்கத்தில் பாரிஸ் போகிறது. விமான டிக்கெட் போட்ட அன்றே போன் வந்தது. "அண்ணி, அந்த மியூசியம் பாஸ் வாங்கலாமா, வேண்டாமா?" ஒரு வார்த்தையில் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. 2024 மே மாதம் நாங்கள் போனபோது இதே கேள்விக்காக மூன்று ராத்திரி நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தேன். ஊர் திரும்பியதும் அதே கணக்கை இன்னொரு முறை போட்டுப் பார்த்தேன். போகும் முன் வந்த விடை வேறு, போய் வந்தபின் வந்த விடை வேறு. அந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்பதைத்தான் அவளிடம் சொன்னேன். இங்கே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நாங்கள் நான்கு பேர். நான், கணவர், 15 வயது மகள், 67 வயது மாமியார். திங்கட்கிழமை காலை இறங்கி ஞாயிறு இரவு கிளம்பினோம். யூரோ அப்போது ஏறக்குறைய 90 ரூபாய்.

முதலில் அந்தப் பாஸ் என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். பாரிஸிலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள 50க்கும் மேற்பட்ட அருங்காட்சியகங்கள், நினைவுச் சின்னங்களுக்கு இந்த ஒரு பாஸ் போதும். லூவ்ர், ஓர்சே, ஒரான்ஜெரி, ரோதான் அருங்காட்சியகங்கள், செயின்ட் ஷாப்பெல் தேவாலயம், ஆர்க் டி ட்ரையம்ஃப் வெற்றி வளைவு, பாந்தியான் நினைவு மண்டபம், ஊருக்கு வெளியே வெர்சாய் அரண்மனை எல்லாம் அதில் வரும். ஓர் இடத்துக்கு ஒரு முறைதான் போகலாம். 2024இல் 2 நாள் பாஸ் 62 யூரோ, 4 நாள் 77, 6 நாள் 92. ஈஃபிள் கோபுரம் இதில் கிடையாது. பாதாள எலும்புக் குகைகள், ஸேன் நதிப் படகு, மெட்ரோ எதுவும் கிடையாது. "பாரிஸ் பாஸ்" என்றாலே ஈஃபிளும் சேர்ந்ததுதான் என்று எங்கள் தெருவிலேயே இரண்டு பேர் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் ஊர் டிராவல்ஸ்காரர் ஒருவர் முதலில் காட்டியது இந்தப் பாஸை இல்லை. மேல்தளம் திறந்த சுற்றுலா பஸ், படகு சவாரி, மியூசியம் பாஸ், இன்னும் ஏழெட்டு சமாச்சாரம் எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டிய ஒரு பெரிய பாஸ். ஒருவருக்கு 150 யூரோவுக்கு மேல். மகளுக்கும் தனியாக ஒன்று போட்டிருந்தார். பார்க்க வசதியாகத்தான் இருந்தது. ஒரு தடவை பணம் கட்டினால் ஊர் முழுக்கக் கதவு திறக்கும் என்கிற எண்ணமே ஒரு நிம்மதி. ஆனால் அன்று ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்தபோது இரண்டு விஷயங்கள் தெரிந்தன.

ஒன்று, படகு சவாரியைத் தனியாக வாங்கினால் 15, 17 யூரோ. சுற்றுலா பஸ்ஸின் வேலையை மெட்ரோவும் ஊர் பஸ்ஸும் செய்துவிடும். திங்கள் முதல் ஞாயிறு வரை எல்லா மண்டலங்களிலும் செல்லும் நவிகோ வாராந்தர அட்டை அப்போது 30.75 யூரோ, கூடவே அட்டைக்கு 5 யூரோ, ஒரு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. விமான நிலையம் போய்வர மட்டுமே தலைக்கு 23.60 யூரோ ஆகியிருக்கும். மீதிப் பணம் இரண்டே நாள் மெட்ரோவில் வந்துவிட்டது. வெர்சாய் போகும் ரயிலும் அதிலேயே அடக்கம்.

இரண்டாவது விஷயம் பெரியது. மகளுக்குப் பாஸே தேவையில்லை. லூவ்ர், ஓர்சே, வெர்சாய், செயின்ட் ஷாப்பெல், ஆர்க் எல்லாவற்றிலும் 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு நுழைவு இலவசம். எந்த நாட்டுப் பிள்ளையாக இருந்தாலும் சரி, வாசலில் பாஸ்போர்ட்டைக் காட்டினால் போதும். இலவசமாக நுழையப் போகும் பிள்ளைக்குப் பணம் கட்டிப் பாஸ் எடுக்கும் குடும்பங்கள் எத்தனையோ. பிள்ளைகளோடு போகிறவர்கள் இந்த ஒரு வரியை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டாலே எனக்குச் சந்தோஷம். மாற்றுத்திறனாளி ஒருவர் உடன் வந்தால், உரிய சான்று இருக்கும்பட்சத்தில் அவருக்கும் துணைக்கு வரும் ஒருவருக்கும் லூவ்ர், ஓர்சே, வெர்சாயில் இலவசம். மூத்த குடிமக்களுக்கு மட்டும் நம்மூரில் எதிர்பார்ப்பதுபோலச் சலுகை இல்லை. மாமியாருக்கு லூவ்ரில் முழு டிக்கெட்தான்.

ஆக, நாலு பேர் என்று தொடங்கிய கணக்கு மூன்று பெரியவர்களுக்கான கணக்காகச் சுருங்கியது. பெரிய பாஸ் அங்கேயே கழிந்தது. மீதி இருந்தவை இரண்டு வழிகள்: மியூசியம் பாஸ், இல்லாவிட்டால் தனித்தனி டிக்கெட்.

நாள் ஒன்றுக்கு எவ்வளவு?

பாஸ் விற்கிறவர்கள் 50 இடங்களின் பட்டியலைக் காட்டுவார்கள். அதை மறந்துவிட்டு, பாஸ் விலையை நாள் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். 2024 விலையில் 2 நாள் பாஸ் ஒரு நாளைக்கு 31 யூரோ. 4 நாள் பாஸ் 19 யூரோ சொச்சம். 6 நாள் 15 சொச்சம். தனி டிக்கெட்டுகள் அப்போது லூவ்ர் 22, ஓர்சே 16, வெர்சாய் அரண்மனை மட்டும் 21, ஆர்க் 16, செயின்ட் ஷாப்பெல் 13, ஒரான்ஜெரி 12.50, ரோதான் 14.

2 நாள் பாஸ் வாங்கியவர் தினமும் கட்டாயம் இரண்டு இடங்கள் பார்த்தாக வேண்டும், அதுவும் முதல் நாள் லூவ்ர் என்றால் அதோடு இன்னொன்று. லூவ்ரில் நாலு மணி நேரம் நடந்தவருக்கு அப்புறம் இன்னொரு படியேறத் தெம்பு இருக்காது. எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இருக்கவில்லை. அதனால் மூன்றிலும் குறைந்த விலை கொண்ட இந்தப் பாஸைத்தான் நான் அதிகம் சந்தேகத்தோடு பார்க்கிறேன். இன்னும் 15 யூரோ போட்டால் நான்கு நாள் கிடைக்கிறது, நாளுக்கு ஒரு பெரிய இடம் பார்த்தாலே கணக்கு நேராகிவிடும். ஓடி ஓடிப் பார்க்கும் இளவட்டங்கள், காலை ஒன்பதுக்கு இறங்கி இரவு ஒன்பதுக்குத் திரும்புகிறவர்கள், அவர்களுக்கு 2 நாள் பாஸ் நிச்சயம் லாபம்: லூவ்ர், செயின்ட் ஷாப்பெல், அதை ஒட்டிய பழைய சிறை கான்சியர்ஜெரி (13 யூரோ), ஓர்சே, ஆர்க் சேர்த்தால் 80 யூரோ. 62க்கு எதிரே 18 யூரோ மிச்சம்.

நிதானமாகப் போகிறவர்களுக்கு இது அப்படியே தலைகீழ். லூவ்ர், ஓர்சே, செயின்ட் ஷாப்பெல் மூன்றும் சேர்த்து 51 யூரோதான். அதற்குமேல் காபிக் கடை, நதிக்கரை, மோன்மார்த்ர் மேட்டுத் தெருக்கள் போதும் என்பவர் பாஸ் வாங்கினால் அது நஷ்டம். இலவசமாகப் பார்க்க வேண்டியதும் அந்த ஊரில் நிறைய உண்டு. சாக்ரே கேர் தேவாலயம் இலவசம். தீ விபத்துக்குப் பின் 2024 டிசம்பரில் மீண்டும் திறந்த நோத்ர் டாமும் இலவசம். நாங்கள் போனபோது வேலிக்கு வெளியே நின்றுதான் பார்த்தோம். நகராட்சி நடத்தும் கர்னவாலே, பெத்தி பாலே அருங்காட்சியகங்களின் நிரந்தரக் காட்சிக்கும் கட்டணம் இல்லை.

நாங்கள் இரண்டு வழியையும் கலந்தோம். கணவருக்கும் எனக்கும் 4 நாள் பாஸ். மாமியாருக்குத் தனி டிக்கெட். மகளுக்கு ஒன்றுமில்லை. நாலு பேரும் ஒன்றாகப் போவதால் நாலு பேருக்கும் ஒரே வழி இருக்க வேண்டும் என்று ஒரு விதியும் இல்லை.

96 மணி நேரம் என்றால் நான்கு நாள் மட்டுமல்ல

பாஸ் நாட்காட்டி நாளைப் பார்ப்பதில்லை, மணியைத்தான் எண்ணுகிறது. முதல் வாசலில் ஸ்கேன் செய்த நிமிடத்திலிருந்து 48, 96 அல்லது 144 மணி நேரம், இடைவிடாமல். மதியம் ஒரு மணிக்குத் தொடங்கினால் நான்காம் நாளோடு முடியாது, ஐந்தாம் நாள் மதியம் ஒரு மணி வரை ஓடும். ஐந்து பகல்களைத் தொடலாம். இதைத் தெரிந்துகொண்டது எங்களுக்குப் பெரிய உதவி.

அடுத்து மூடும் நாள்கள். லூவ்ர், ஒரான்ஜெரி, ஆசியக் கலைகளுக்கான கிமே அருங்காட்சியகம் மூன்றுக்கும் செவ்வாய் விடுமுறை. ஓர்சே, ரோதான், வெர்சாய் திங்கள் விடுமுறை. திங்கட்கிழமை காலையில் உற்சாகமாகப் பாஸைத் தொடங்கிவிட்டால் முதல் இரண்டு நாளில் பெரிய கதவுகள் பாதி மூடியே இருக்கும். பணம் கட்டிய மணி நேரம் தெருவில் கரையும். நாங்கள் திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் பாஸைத் தொடவில்லை. நதிக்கரையில் நடந்தோம், ஈஃபிளைக் கீழேயிருந்து பார்த்தோம் (உச்சி வரை லிஃப்டில் போக அப்போது 29.40 யூரோ, மகள் வேண்டாம் என்றுவிட்டாள்), செவ்வாய் மதியம் லாச்சப்பல் போய்ச் சோறு சாப்பிட்டோம்.

லாச்சப்பல் பாரிஸில் நம் ஈழத் தமிழர்கள் உருவாக்கிய கடைத் தெரு. கார் டு நோர் ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரம். மளிகை, நகைக்கடை, புடவைக் கடை, இட்லி, கொத்து ரொட்டி எல்லாம் உண்டு. சாப்பாட்டுக் கடையில் பணம் வாங்கிய பெரியவரிடம் பேச்சு வாக்கில் எங்கள் திட்டத்தைச் சொன்னேன். அவர் கேட்டார்: "ரெண்டு கிழமை முந்தி வந்திருந்தா ஓர்சேயைக் காசில்லாமப் பாத்திருக்கலாமே, ஏன் யோசிக்கேல்லை?" ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு ஓர்சேயும் ஒரான்ஜெரியும் இலவசம். மாதத்தின் முதல் வெள்ளி மாலை 6 மணிக்கு மேல் லூவ்ர் இலவசம், ஜூலை, ஆகஸ்ட் தவிர. எனக்கு இது முன்பே தெரியும், ஆனால் மகளின் பள்ளித் தேதிக்கு அந்த வாரம் ஒத்துவரவில்லை. தேதியை மாற்ற முடிகிறவர்கள் பாஸைப் பற்றி யோசிக்கும் முன் இதைத்தான் யோசிக்க வேண்டும். இன்னொன்றையும் அங்கே போய்த்தான் அறிந்தோம். மே மாத நடுவில் ஒரு சனிக்கிழமை இரவு ஐரோப்பா முழுவதும் அருங்காட்சியகங்கள் கதவைத் திறந்து வைக்கின்றன, பலவற்றில் அன்றிரவு கட்டணம் கிடையாது. 2024இல் அது மே 18. நாங்கள் அன்று பாரிஸில்தான் இருந்தோம், ஆனால் சுவரொட்டியைப் பார்த்தபோது காலில் தெம்பு இல்லை.

சரி, பாஸ் புதன் மதியம் ஒரு மணிக்கு ஒரான்ஜெரி வாசலில் தொடங்கியது. மோனே வரைந்த அல்லிக் குளம் இரண்டு நீள்வட்ட அறைகளில், எட்டு பெரிய ஓவியங்களாக, பார்க்கிறவரைச் சுற்றி நிற்கிறது. நடுவில் உட்கார இடம் இருக்கிறது. மாலை ஆர்க் டி ட்ரையம்ஃப், 284 படி ஏறினோம். வியாழன் வெர்சாய். வியாழனை வேண்டுமென்றேதான் தேர்ந்தெடுத்தேன். ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை, நீரூற்றுக்கு இசை போடும் நாள்களில் தோட்டத்துக்குத் தனி டிக்கெட், அதற்குப் பாஸ் செல்லாது. வியாழனில் நீரூற்று ஓடாது, ஆனால் கூட்டமும் குறைவு. செவ்வாய் மட்டும் போகாதீர்கள், லூவ்ர் மூடிய நாள் என்பதால் ஊரே வெர்சாயில் இருக்கும். வெள்ளி செயின்ட் ஷாப்பெல், மாலையிலிருந்து லூவ்ர். சனி ஓர்சே, ரோதான். ஞாயிறு காலை கிமே.

நேரம் பதிவு செய்யாத பாஸ் பாதிப் பாஸ்

நான் செய்த தவறைச் சொல்ல வேண்டும். பாஸை முதலில் வாங்கிவிட்டு, அப்புறம் நேரம் பதிவு செய்யப் போனேன். பாஸ் இருந்தாலும் லூவ்ர், வெர்சாய், செயின்ட் ஷாப்பெல், ஒரான்ஜெரிக்கு அவரவர் தளத்தில் பூஜ்ய விலையில் நேரம் எடுத்தாக வேண்டும். இலவசமாக வரும் பிள்ளைக்கும் அப்படியே. ஓர் இடத்தில் நான் கேட்ட காலை நேரம் போய்விட்டிருந்தது, மதியம்தான் கிடைத்தது. அந்த ஒரு மாற்றத்தால் மற்ற மூன்றையும் நகர்த்த வேண்டிவந்தது. மாமியாரின் தனி டிக்கெட்டையும் அதே நேரத்துக்குப் பொருத்த வேண்டும் என்பதால் ஒரு ராத்திரி முழுக்க அதிலேயே போனது. எனவே வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள்: நீங்கள் போகும் நாள்களில் அந்த நான்கு தளங்களிலும் நேரம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், இருந்தால் மட்டும் பாஸுக்குப் பணம் கட்டுங்கள், கட்டிய கையோடு நேரத்தைப் பிடித்துவிடுங்கள். ஓர்சே, ஆர்க், ரோதானுக்கு நாங்கள் பதிவு இல்லாமலே போனோம்.

பாஸ் இருந்தால் வரிசையே இல்லை என்று சிலர் சொல்வது பாதி உண்மை. டிக்கெட் வரிசை இல்லை, பாதுகாப்புச் சோதனை வரிசை எல்லோருக்கும் உண்டு. செயின்ட் ஷாப்பெல் நீதிமன்ற வளாகத்துக்குள் இருப்பதால் அங்கே பையை விமான நிலையம் போலவே பார்க்கிறார்கள்.

ஊர் திரும்பியபின் போட்ட கணக்கு

கிமேயைச் சேர்க்காமலே நாங்கள் பாஸில் பார்த்த ஏழு இடங்களின் தனி விலை 114.50 யூரோ. பாஸ் 77. ஆளுக்கு 37.50 மிச்சம், இரண்டு பேருக்கு 75 யூரோ, ஏறத்தாழ 6,750 ரூபாய். போகும் முன் நான் போட்ட கணக்கும் இதேதான். நோட்டில் கீழே இரண்டு கோடு போட்டு வைத்திருந்தேன்.

திரும்பி வந்து ஒரு கேள்வியைச் சேர்த்தேன். பாஸ் இல்லாமல், பர்ஸிலிருந்து காசை எடுத்துக் கொடுத்து இந்த ஏழில் எத்தனைக்குப் போயிருப்போம்? ஆர்க்கை நிச்சயம் விட்டிருப்போம். கீழே நின்று போட்டோ எடுத்துக்கொண்டு நகர்ந்திருப்போம். ரோதானையும் விட்டிருப்போம். இந்த இரண்டையும் கழித்தால் 84.50. பாஸுக்கு எதிரே மிச்சம் ஏழரை யூரோ. 37.50 என்று நினைத்துக்கொண்டிருந்தது ஏழரையாக இறங்கியது. போகாமலே இருந்திருக்கக்கூடிய இடத்தின் டிக்கெட் விலையை மிச்சம் என்று எழுதுவது சரியான கணக்கு இல்லை. தள்ளுபடிக் கடையில் தேவையில்லாத மூன்றாவது சட்டையை எடுத்துவிட்டு நானூறு ரூபாய் மிச்சம் என்பது போலத்தான் அதுவும்.

அப்படியானால் பாஸ் வாங்கியது தவறா என்று கேட்டால், இல்லை. ஏழரை யூரோவோடு வேறொன்றும் கிடைத்தது. ரோதான் மாளிகைக்குள் நாங்கள் அதிகம் சுற்றவில்லை. தோட்டத்தில், சிந்தனையாளன் சிலைக்கு எதிரே பெஞ்சில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுக் கிளம்பினோம். ஆளுக்கு 14 யூரோ கொடுத்து வாங்கியிருந்தால் நான் அந்த அரை மணியில் எழுந்திருக்க மாட்டேன். கொடுத்த காசுக்கு ஒவ்வோர் அறையாகப் பார்த்தே ஆக வேண்டும் என்று காலை இழுத்துக்கொண்டு நடந்திருப்பேன். சும்மா எட்டிப் பார்த்துவிட்டு வரும் சுதந்திரத்தைப் பாஸ் கொடுத்தது. என்னைப் போன்றவர்களுக்கு அது பெரிய விஷயம்.

ஆனால் அதே பாஸ் என் கணவருக்கு வேறு மாதிரி வேலை செய்தது. சனிக்கிழமை ஓர்சேயிலிருந்து வெளியே வரும்போது மதியம் ஆகியிருந்தது. அது பழைய ரயில் நிலையம். 1900ஆம் ஆண்டு உலகக் கண்காட்சிக்காகக் கட்டி, 1986இல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். அந்தப் பெரிய கடிகாரத்துக்குப் பின்னால் நின்று ஊரைப் பார்த்துக்கொண்டிருந்த மகளை அவர்தான் அவசரப்படுத்தினார். "இப்பவே கிளம்பினா பாந்தியானையும் முடிச்சிடலாம், அதுவும் பாஸ்ல இருக்கு." மகள் சொன்னாள்: "அப்பா, நாம ஊர் பாக்க வந்தோமா, லிஸ்ட் முடிக்க வந்தோமா?" அவர் அதற்குமேல் பேசவில்லை. பாந்தியான் போகவில்லை. உங்கள் வீட்டில் யார் எந்த வகை என்பது உங்களுக்குத் தெரியும். கட்டிய காசு தீர வேண்டும் என்று ஓடுகிறவர் கையில் பாஸ் இருந்தால் பயணம் முழுவதும் அந்த ஓட்டம்தான் நினைவிருக்கும். அவருக்குத் தனி டிக்கெட் நல்லது, ஏனென்றால் ஒவ்வொரு தடவையும் "இது வேணுமா" என்று நின்று கேட்க வைக்கும்.

மாமியாருக்கு என்ன ஆயிற்று? அவர் பார்த்தது லூவ்ர், வெர்சாய், ஓர்சே. மூன்றும் சேர்த்து 59 யூரோ. செயின்ட் ஷாப்பெல்லில் மேல் தளத்துக்கு ஏறும் குறுகலான சுழல் படிக்கட்டை நினைத்து, "நீங்க போயிட்டு வாங்க, நான் இங்கயே உக்காந்திருக்கேன்" என்றார். ஒரான்ஜெரி, ஆர்க் இரண்டுக்கும் வரவில்லை. மதியத்துக்குமேல் அவருக்கு அறையில் ஓய்வு தேவைப்பட்டது. கடைசி நாள் கிமேயின் டிக்கெட்டைச் சேர்த்தும் 77ஐத் தொடவில்லை. முழங்கால் வலி உள்ள பெரியவர்களுக்கு, நாளுக்கு ஒன்றுக்குமேல் பார்க்க முடியாதவர்களுக்கு, தனி டிக்கெட் என்பதுதான் என் முடிவு. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கிமேயைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எமில் கிமே என்கிற லியோன் நகரத் தொழிலதிபர் ஆசியா முழுக்கச் சேகரித்தவற்றுக்காக 1889இல் பாரிஸில் திறந்த அருங்காட்சியகம் அது. இயெனா மெட்ரோவுக்கு வெளியே வந்தால் எதிரேயே இருக்கிறது. பாரிஸ் போகும் நம்மவர் பலர் இந்தப் பெயரையே கேட்டதில்லை, பட்டியலில் எங்கோ நடுவில் இருக்கும். அங்கோரிலிருந்து வந்த கெமர் சிற்பங்களைக் கடந்து இந்தியப் பகுதிக்குள் நுழைந்தால் சோழர் காலத்து வெண்கல நடராஜர் நிற்கிறார். 11ஆம் நூற்றாண்டு. மாமியார் லூவ்ரில் மோனாலிசா முன்னால் இரண்டு நிமிடம்கூட நிற்கவில்லை, கூட்டம் தள்ளியது. இங்கே செருப்பைக் கழற்றலாமா என்று என்னிடம் மெல்லக் கேட்டார். கழற்றவில்லை, கையை மட்டும் கூப்பிக்கொண்டு நின்றார். அப்புறம் எதிரே உட்கார்ந்து, எந்த ஊர்க் கோயிலில் இருந்திருப்பார், யார் பூ வைத்திருப்பார்கள் என்று பேத்தியிடம் பேசிக்கொண்டே இருந்தார். எங்கள் பாஸ் மதியம் ஒரு மணிக்கு முடிந்தது. நாங்கள் வெளியே வந்தபோது ஒன்றரை.

இப்போது விலை மாறியிருக்கிறது

மேலே சொன்ன எண்கள் 2024 மே மாதத்தவை. 2025இல் பாஸ் 70, 90, 110 யூரோ ஆனது. அதே ஆண்டு மெட்ரோ டிக்கெட் எந்தத் தூரத்துக்கும் ஒரே விலையாக 2.50 யூரோ ஆனது, விமான நிலையத்துக்கு 13. நமக்கு இன்னும் முக்கியமான மாற்றம் 2026 ஜனவரியில் வந்தது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகள், நார்வே, ஐஸ்லாந்து, லீக்டன்ஸ்டைன் ஆகியவற்றின் குடிமக்களோ அங்கே வசிப்பவர்களோ அல்லாதவர்களுக்கு லூவ்ர் இப்போது 32 யூரோ. மற்றவர்களுக்குப் பழைய 22தான். வெர்சாயிலும் செயின்ட் ஷாப்பெல்லிலும் இதே மாதிரி இரண்டு விலை வந்திருக்கிறது.

ஒரே குடும்பத்துக்குள்ளேயே இப்போது கணக்கு வேறுபடும். சென்னையிலிருந்தோ கொழும்பிலிருந்தோ போகிறவருக்கு 32. லண்டன் பாஸ்போர்ட்டில் வரும் அண்ணனுக்கும் 32. லாச்சப்பலில் இருக்கும் சித்தப்பாவுக்கு 22. அவர் மகளுக்கு 18லிருந்து 25க்குள் வயது என்றால் இலவசம். நம் பாஸ்போர்ட்காரர்களுக்குத் தனி டிக்கெட் ஏறிய அளவுக்குப் பாஸின் பக்கம் தராசு கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. வாங்கும் நாளில் லூவ்ர், வெர்சாய், செயின்ட் ஷாப்பெல், ஓர்சே நான்கின் தனி விலையையும் கூட்டி, 4 நாள் பாஸ் விலைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நான்கும் நீங்கள் எப்படியும் போகப்போகிற இடங்களாக இருந்து, கூட்டுத்தொகை பாஸைத் தாண்டினால் வாங்கலாம். ஐந்தாவதாக ஒன்றைச் சேர்த்தால்தான் தாண்டுகிறது என்றால் வேண்டாம்.

இனி நாத்தனார். அவர்கள் ஏப்ரல் 30 வியாழன் மதியம் இறங்குகிறார்கள், மே 4 திங்கள் காலை கிளம்புகிறார்கள். கணவன், மனைவி, 12, 16 வயதில் இரண்டு பிள்ளைகள். நாட்காட்டியைப் பார்த்ததுமே எனக்கு விடை தெரிந்துவிட்டது. நடுவில் வரும் வெள்ளி மே 1. தொழிலாளர் தினம். லூவ்ர், ஓர்சே, வெர்சாய் எல்லாம் அன்று மூடியிருக்கும். முதல் வெள்ளி என்றாலும் லூவ்ர் மாலை இலவசமும் அன்று இல்லை. வியாழன் தொடங்கிய பாஸ் ஒரு முழு நாளைத் தெருவில் விட்டுவிடும். அதற்கு ஈடாக மே 3 மாதத்தின் முதல் ஞாயிறு: ஓர்சேயும் ஒரான்ஜெரியும் இலவசம், நேரம் மட்டும் முன்பே எடுத்துவிட வேண்டும். வெர்சாய் போக நாளில்லை. பெரியவர்கள் இருவரும் பணம் கொடுத்துப் போகப்போவது சனிக்கிழமை லூவ்ரும் இன்னோர் இடமும்தான், சேர்ந்து 60ஐத் தாண்டாது. 2 நாள் பாஸ் 2025இலேயே 70.

அதனால் நான் பாஸ் வாங்கிப் போய்ச் சந்தோஷமாக வந்தவள்தான் என்றாலும், அவளிடம் வேண்டாம் என்றேன். வாராந்தர நவிகோவும் வேண்டாம், அது ஞாயிறோடு முடிந்துவிடும், அவர்கள் கிளம்புவது திங்கள். வெள்ளிக்கிழமை பிள்ளைகளை மோன்மார்த்ர் கூட்டிப்போய் நடக்கட்டும். ஞாயிறு ஓர்சேக்கு முன்னாலோ பின்னாலோ இயெனாவில் ஒரு மணி நேரம் இறங்கச் சொல்லியிருக்கிறேன். மாமியாரும் பக்கத்திலிருந்து போனை வாங்கி, அந்த நடராஜர் எந்தப் பக்கம் இருக்கிறார் என்று வழி சொல்லிக்கொண்டிருந்தார்.